எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

தட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த சின்ன அட்டையில் அப்பாவின் பெயர் இருந்தது. மிஸ்டர் தளவாய். கறுப்பு மையில், சாய்வெழுத்தில், மொய்க்கவரில் பெரியவர்கள் பேரெழுதுகிற அக்கறையோடு எழுதியிருந்தார்கள். பரணிதரன் அதைப் பார்க்காத மாதிரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான், உடனே உட்காரக் கூடாது என்பது ஞாபகம் வந்து எழுந்தான், மேடை மேஜைப் பேராசிரியர்கள் வரிசையாக வந்து நின்று லத்தீனில் பிரார்த்தனை சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்த வெள்ளைக்காரக் கல்லூரியில் யாரும் உட்காரக் கூடாது, மூன்று மாதமாகியும் இது மட்டும் மண்டையில் ஏறவில்லை. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி நாற்காலிக் கையில் மாட்டி இழுத்தது. இன்றைக்குக் கடைசி ஞாயிறு, வந்துபோகிற மாணவர்களை வழியனுப்புகிற மதிய விருந்து, நாளை மறுநாள் விமானம். மத்தியானம் என்றுதான் பேர், ஜன்னலுக்கு வெளியே விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு. இந்தப் பெயர் விவகாரத்துக்கு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஊரில் அவன் த. பரணிதரன். த என்றால் தளவாய், ஒரே ஒரு எழுத்தாக, பக்கத்தில் ஒரு புள்ளியோடு, பந்தலின் ஓரத்தில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி அப்பா அதற்குள் நின்றுகொண்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஏஜென்ட் இன்ஷியலை விரித்துத்தான் போடணும் தம்பி என்று விரித்துப் போட்டான். விரித்ததுதான் தாமதம், அப்பா முன்னால் வந்துவிட்டார். பரணிதரன் என்று சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வளையவில்லை, தளவாய் வளைந்தது, அதையே வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் வாசல் அலுவலகத்தில் சாவி வாங்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் மிஸ்டர் தளவாய் என்று கூப்பிட்டார், இவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் மழைதான் பெய்துகொண்டிருந்தது. நீங்கள்தானே தளவாய் என்று அவர் மறுபடியும் கேட்க, ஆமாம் என்று சொன்னான்.

ஏழு வருஷமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டு யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை. அதை நினைக்கக் கூடாது என்று சூப்பில் கரண்டியை விட்டான், ஏதோ கிழங்கு சூப், உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அப்பா இருந்திருந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, என்னல இது, காய்ச்சல்காரன் கஞ்சி மாதிரி, என்றிருப்பார். இருந்திருந்தால். இருந்தால். பார், இதுதான், இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுவிடுகிறது, இருந்திருந்தால் என்றால் இல்லை என்று ஆகிறது, இருந்தால் என்றால் எங்கே என்று ஆகிறது. சங்கரன்கோவில்-தென்காசி தனியார் பஸ்ஸில் அப்பா கண்டக்டர். ஒரு செவ்வாய்க்கிழமை புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினார், தோல்பையையும் விசிலையும் தன் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார், அவ்வளவுதான். டிரைவர் ஆரன் அடித்தார், இறங்கிப் போய் டீக்கடையில் பார்த்தார், தளவாய், ஏ தளவாய் என்று கக்கூஸ் வாசல் வரைக்கும் போய்க் கூப்பிட்டார். பயணிகள் சத்தம் போட்டார்கள், கடைசியில் கண்டக்டர் இல்லாமலே பஸ் தென்காசி போய்ச் சேர்ந்தது. கடன் இல்லை, சண்டை இல்லை, காலையில் வீட்டில் மூணு தோசை சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் தங்கச்சி கோமதிக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். ஏன் என்று ஒரு காரணம் இருந்தால் அதைப் பிடித்துத் தொங்கலாம், தொங்க ஒரு ஆணிகூட வைக்காமல் போய்விட்டார். பரணிக்கு அப்போது பதினாலு வயது. அம்மாவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனான், பிணவறை வாசலில் அம்மாவை நிறுத்திவிட்டு வேலாயுத மாமா இவனைத்தான் உள்ளே கூட்டிப் போனார், ஆம்பளப் பிள்ளை பார்க்கட்டும் என்று. ஒவ்வொரு துணியும் விலகும்போது, இவரில்லை என்று தெரிந்த கணத்தில் வருகிற ஆறுதல் இருக்கிறதே, அது எவ்வளவு கேவலமானது, யாரோ ஒருத்தன் வீட்டில் இழவு, இவன் மூச்சு விடுகிறான்.

அப்புறம் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா. ஊரே திரளும், அம்மா ஒலிபெருக்கிக்காரரிடம் போய்ப் பேர் கொடுப்பாள். கழுகுமலை ரோட்டைச் சேர்ந்த தளவாய் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், உங்கள் மனைவி பொன்னுத்தாய் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார். காணாமல்போன வளையலுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் நடுவில் அப்பாவின் பேர் ரத வீதிகளில் சுற்றிக்கொண்டு வரும். வருஷா வருஷம் கொடுத்தாள். மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ புதிதாக வந்த ஒலிபெருக்கிக்காரன், பையனுக்கு என்ன வயசும்மா என்று கேட்டான். பையன் இல்லய்யா, வீட்டுக்காரவுக, என்றாள் அம்மா. எப்பத்துலேர்ந்து காங்கல? நாலு வருசமாச்சு. பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை, பேர் காற்றில் போய் முடிகிற வரைக்கும் மேடைப் படிக்கட்டையே பார்த்தாள். பரணி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தானும் பார்த்தான், பதினெட்டு வயது எருமைக்கடா முந்தானையைப் பிடிக்கலாமா என்ற கூச்சமில்லாமல். சூப்புத் தட்டை யாரோ பின்னாலிருந்து எடுத்தார்கள், கோழியும் உருளைக்கிழங்கும் வந்தன. அட்டை மட்டும் அப்படியே நின்றது. இது யாருக்குப் போட்ட சோறு என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தவுடன் முள்கரண்டியைத் தட்டோரத்தில் வைத்தான். பேரெழுதி வைத்து, தண்ணீர் வைத்து, தட்டு வைத்து, அவருக்குப் படைத்திருக்கிறார்கள். நான் எடுத்துத் தின்கிறேன்.

ஊரில் அமாவாசைக்கு எல்லார் வீட்டிலும் காக்கைக்குச் சோறு வைப்பார்கள், அம்மா வைக்க மாட்டாள். வைத்தால் செத்துப்போனவர் என்று ஆகிவிடும். பக்கத்து வீட்டு மாடியில் வைத்த சோற்றுக்கு வருகிற காக்கை தப்பித்தவறி இவர்கள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்தால், விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், இங்க யாரும் சாகல, போ அங்கிட்டு, என்பாள். காக்கையோடு இப்படிச் சண்டை போடுகிறவளைத் தெருவில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே. இங்கே அவன் தங்கியிருக்கிற மாடிப்படியின் அடியில் ஒரு கறுப்புப் பலகை, அங்கே குடியிருக்கிற ஒவ்வொருவர் பேரையும் வெள்ளைப் பெயின்டில் கையால் எழுதுவார்கள், அது இந்தக் கல்லூரியின் பழைய வழக்கம். நான்காவது வரியில் தளவாய். ஒரு கிறுக்குத்தனத்தில் அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டான், மகன் எங்கே படிக்கிறான் பார் என்கிற பெருமைதான், வேறென்ன. அம்மா அப்புறம் கூப்பிட்டாள். உங்கப்பா பேரு அங்க எழுதிருக்குல்ல, அது தெருவுலருந்து பாத்தாத் தெரியுமாப்பா? தெரியாதும்மா, உள்ள வந்தாத்தான் தெரியும். சரி, கதவ ராத்திரி பூட்டிருவாங்களோ? அதோடு விட்டுவிட்டாள். இவனால் விட முடியவில்லை. அன்றிலிருந்து படியில் காலடி கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் காணாத மரம் எப்படி முனகுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பான், நாலாவது வரிக்காரரைத் தேடி யாராவது ஏறி வருகிறார்களா, நாலாவது வரிக்காரரே ஏறி வருகிறாரா. ஆற்றுப்பாலத்தில் ஒருநாள் எதிரே ஒருவர் வந்தார், அதே கூன், பையைத் தோளில் போட்டிருந்த அதே தினுசு, பக்கத்தில் வந்தால் எழுபது வயது வெள்ளைக்காரர், குட் மார்னிங் என்றார். எதற்குப் பயப்படுகிறாய், வந்தால் நல்லதுதானே என்று தன்னைத்தானே கேட்டான். பதில் தெரிந்துதான் இருந்தது, வந்தால் என்ன கேட்பார் என்பதுதான் பயம். என் பேரில் நீ என்னலே பண்ணிக்கொண்டிருக்கிறாய்?

"நீ சாப்பிடவே இல்லை," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாக்டா. போலந்திலிருந்து வந்தவள், இவனைப் போலவே மூன்று மாதக் கணக்கு, ஒரே ஆசிரியரிடம் இரண்டு பேரும் கணிதம் படித்தார்கள். "பயமா? ஒரே ஒரு வார்த்தைதான். பேரைக் கூப்பிடுவார்கள், எழுந்து அட்சும் என்று சொல்ல வேண்டும், இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். உடனே கோப்பையில் வைன் ஊற்றுவார்கள். நான் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்."

"சொல்லாவிட்டால்?" என்று கேட்டான்.

"மூன்று தடவை கூப்பிடுவார்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவர் அந்தக் கோப்பையைக் கவிழ்த்துவிட வேண்டும். வரவில்லை என்று அர்த்தம். யாரும் கவிழ்த்து நான் கேள்விப்பட்டதில்லை, இலவச வைனை யார் விடுவார்கள்?" என்று சிரித்தாள். நல்ல பெண். அவளுக்கு இவன் ஒன்றும் சொன்னதில்லை, அப்பா என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டபோது பஸ் கண்டக்டர் என்றான், செய்கிறாரா செய்தாரா என்று இங்கிலீஷில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருந்தது, கண்டக்டர் என்ற வெறும் சொல்லோடு வாயை மூடிக்கொண்டான்.

அங்கிக்குள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை, எடுக்காமலே தெரியும், வேலாயுத மாமா. காலையிலிருந்து நாலு தடவை ஆகிவிட்டது. கோமதிக்குத் தையில் கல்யாணம், மாப்பிள்ளை ராஜபாளையம், நல்ல இடம், பையனைப் பற்றி ஒரு சொல் குறை கிடையாது. பத்திரிகை அடிக்கணும். மாப்ள, மத்ததெல்லாம் முடிஞ்சிட்டு, உங்கப்பா பேருக்கு முன்னால என்ன போடன்னுதான் நிக்கி, என்றார் மாமா காலையில் பேசியபோது. பையனோட அப்பா தன்மையாத்தான் கேக்காரு, உயிரோட இருக்காகன்னா மணமேடைக்கு வரணும்ல, வரலைன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான், ஓடிப்போனவன் மகள்னு எம்மருமகளச் சொல்லப்பிடாதுங்காரு. நியாயந்தான மாப்ள? தெய்வத்திருன்னு போட்டுட்டா ஒரு வாய் தொறக்காது. பிரஸ்காரன் இன்னைக்கு ராத்திரி ஓட்டுதேங்கான், எட்டு மணிக்குள்ள சொல்லிரு. நீங்களே முடிவு பண்ணுங்களேன் மாமா, என்றான் இவன். நான் பண்ணிருவேன், உங்கம்மா ஒத்துக்கணும்ல, இந்தா பேசு. அம்மா போனை வாங்கினாள். நீ சொல்லு பரணி, என்றாள். கோமதிக்குத் தடை ஆயிரப்பிடாது, அது எனக்குத் தெரியும். ஆனா எங்கண்ணன் சொல்லி நான் இத அழிக்க மாட்டேன், சம்பந்தக்காரரு சொல்லியும் அழிக்க மாட்டேன். நெற்றியைத்தான் தொட்டுக்கொண்டு சொல்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. அவுக இல்லைன்னு நீ சொன்னா ஏத்துக்கிடுதேன். நீ அவுக பிள்ள, ஒனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும், எனக்கு என்ன தெரியும், நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன் அம்மா. அதைச் சொல்லாமல், மத்தியானம் கூப்பிடுதேன் என்று வைத்துவிட்டான். நூறு பேர் பார்க்க ஒரு மனிதனைச் சாகடிக்கிற வேலை, சிவகாசி அச்சாபீசில், தங்க மையில். போட்டுவிட்டு, கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரம் மண்டபத்து வாசலில் அவர் வந்து நின்றால்? கையில் ஜியோமெட்ரி பாக்ஸோடு நின்றால்? வரவேற்பில் நிற்கிற பிள்ளைகள் சந்தனத்தை நீட்ட, அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தால்? அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தால்? இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, அழுதுவிடுவோமோ என்று பயந்து சுவரைப் பார்த்தான். சுவர் முழுக்கப் படங்கள், செத்துப்போன தலைவர்கள், பாதிரியார்கள், கவுன் போட்ட கனவான்கள். இந்த ஊரில் செத்தவர்களுக்குப் பஞ்சமில்லை, தேவாலயத்துத் தரையில்கூட அவர்கள் மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது, ஆனால் எல்லாரும் முறையாகச் செத்திருக்கிறார்கள். பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். வந்த புதிதில் அதையெல்லாம் பொறாமையோடு படித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அப்பாவுக்குக் கோடு மட்டும் இருக்கிறது.

மேடை மேஜையில் மரச் சுத்தியலை இரண்டு தடவை தட்டினார்கள். அப்பாவின் விசில் மாதிரியே, ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் ரைட், போகலாம். கூடம் அடங்கியது. கல்லூரித் தலைவி எழுந்து நின்றார், வெள்ளை முடி அம்மாள், நல்ல மனுஷி, போன மாதம் தோட்டத்தில் பார்த்தபோது குளிருக்குப் பழகிவிட்டாயா தளவாய் என்று நின்று விசாரித்தவர். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அட்சும் என்றான் ஒரு பிரேசில் பையன், அட்சும் என்றாள் ஒரு ஜப்பான் பெண், சிரிப்பும் கைதட்டலும், வைன் ஊற்றுகிற சத்தம். மிஸ் நோவிட்ஸ்கா என்றதும் மாக்டா துள்ளி எழுந்து கண்ணாடி முன் பழகியதை அழகாகச் சொன்னாள். பரணி தன் நாக்கில் அந்த வார்த்தையை வைத்துப் பார்த்தான். சொல்லிவிடலாம், என்ன கெட்டுப்போகிறது, மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், சாவி வாங்க, புத்தகம் வாங்க, வகுப்பில் கை தூக்க. கூப்பிட்ட குரல் காற்றில் முடிவதற்குள் முந்திக்கொண்டு, ஆமாம், நான்தான், இங்கேதான் இருக்கிறேன். முந்திக்கொண்டு. அந்தச் சொல்லில் மனம் இடறி நின்றது. ஊரில் அம்மா அப்படிச் செய்யவில்லையே. பேரைச் சொல்லிவிட்டுப் பொறுப்பாளே, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, சிரிக்கிறவனெல்லாம் சிரித்து முடிக்கிற வரைக்கும் அவருக்கு நேரம் கொடுப்பாளே. நான் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. இத்தனை நாளும் இந்த ஊர் முழுக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"மிஸ்டர் தளவாய்."

கால்கள் பழக்கத்தில் எழப் பார்த்தன. பரணி நாற்காலியின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டான். பொறு. அவர் சொல்லட்டும். மாக்டா முழங்கையால் இடித்தாள், உன்னைத்தான், என்றாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். தலைவி பட்டியலைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நீள மேஜைகளைப் பார்த்தார். மிஸ்டர் தளவாய் என்று இரண்டாம் தடவை கூப்பிட்டார், கொஞ்சம் உரக்க. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் டீக்கடையைத் தாண்டிப் போய்க் கூப்பிடுகிறார், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, சீட்டில் விசில் கிடக்கிறது. அப்பா, இதோ கூப்பிடுகிறார்கள். வந்துவிடுங்கள், உங்கள் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்துவிடுகிறேன், சூப்புதான் நன்றாக இல்லை. நூறு முகமும் இப்போது இவனைப் பார்த்தன, எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான், சிரிக்கட்டும். மூன்றாவது தடவை தலைவி மெதுவாகத்தான் சொன்னார், ஏதோ புரிந்த மாதிரி, கேள்வி கேட்கிற மாதிரி. தளவாய்? ரத வீதி நாலிலும் அது சுற்றிக்கொண்டு போயிற்று. பரணி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், உயிரைக் கொடுத்துக் கேட்டான். ஜன்னலில் மழை. சமையல்கட்டில் தட்டு வைக்கிற சத்தம். வெந்நீர்க் குழாயில் ஒரு முனகல், அது அடங்கியது. அப்புறம் ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. யாரும் வரவில்லை. அவர் இருந்திருந்தால் இந்நேரம் வந்திருப்பார், இப்படிக் கூப்பிட்டும் வராமல் இருக்கிற ஆள் இல்லை அப்பா. இதை எப்படி ஏழு வருஷமாக நினைக்காமல் போனோம் என்று இருந்தது. வர முடிந்தால் வந்திருப்பார், புளியங்குடியிலேயே, முதல் ஆரனுக்கே வந்திருப்பார். பரணி கையை நீட்டி, அட்டைக்குப் பக்கத்திலிருந்த காலிக் கோப்பையை எடுத்து மேஜைவிரிப்பின் மேல் கவிழ்த்து வைத்தான்.

"என்ன செய்கிறாய்? நீ இங்கேதானே இருக்கிறாய்?" என்றாள் மாக்டா, முகம் வெளுத்து.

"நான் இருக்கிறேன்," என்றான். "இது என் அப்பாவின் பெயர். அவர் இல்லை." இங்கிலீஷில்தான் சொன்னான், அந்த மொழி கேட்ட முடிவைக் கொடுத்துச் சொன்னான். மாக்டா அவன் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். மேடையில் தலைவி ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார், யாரோ அட்சும் என்றார்கள். அவன் எழுந்து, அங்கி நாற்காலியில் மாட்டாமல் பார்த்து ஒதுக்கிக்கொண்டு, வெளியே வந்தான்.

முற்றத்தில் புல் நனைந்து கிடந்தது. வளைவுக்கு அடியில் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். ஒரே மணியில் எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சொல்லுப்பா, என்றாள். இரண்டு தடவை அம்மா, அம்மா என்றான். அவள் பொறுத்தாள், பொறுக்க அவளுக்குத் தெரியும்.

"மாமாட்டப் போட்டுரச் சொல்லும்மா."

அந்தப் பக்கம் டிவி ஓடியது, கோமதி எதற்கோ மாமாவிடம் குரல் கொடுத்தாள், அதெல்லாம் கேட்டது. அம்மாவின் மூச்சு ஒரு தடவை உள்ளே போய் ரொம்ப நேரம் வெளியே வராமல் இருந்து வந்தது. அழுவாள் என்று நினைத்தான், ஏன் என்று கேட்பாள், எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்று நினைத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"சரிப்பா," என்றாள். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"கேலண்டரு ஒசரத்துல கெடக்கு, கண்ணு தெரியல. அமாவாச என்னைக்கு வருதுன்னு பாத்துச் சொல்லு. அவுகளுக்குக் கத்திரிக்கா புளிக்கொழம்புன்னா உசுரு. ஏழு வருசமாப் பட்டினி போட்டுட்டேன்."